எலும்பு போடாத தால்சா

போன வாரம் கலா என் கைப்பேசிக்கு ஒரு பட்டியல் அனுப்பினாள். திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை கேன்டீனில் இப்போது சைவ அடுப்பைப் பார்க்கிறவள் கலா. நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்தவள். பட்டியலின் தலைப்பு, சென்னைக்கு வந்தால் தவறவிடக் கூடாத சைவ உணவுகள். எந்தப் பண்டம் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று வரைபடமும் போட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். இட்லி இருந்தது. நெய் ரோஸ்ட் இருந்தது. பாதாம் அல்வா இருந்தது. வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் பாரிமுனையோடு நின்றுவிட்டன. அதற்கு வடக்கே ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரி: வடசென்னை அசைவப் பிரியர்களுக்கான இடம்.

அதன் கீழே கலா எழுதியிருந்தாள்: "அக்கா, நம்ம பக்கம் சைவம் துன்றவனே கெடையாதாமே?"

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. எழுதியவர் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ராயபுரம் வரைக்கும்கூட வந்து பார்க்கவில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன். வந்திருந்தால், பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் போட்டிருக்கும் தள்ளுவண்டியில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் குடித்திருப்பார். முட்டை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தோ என்கிற நூடுல்ஸை முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். ஆடி மாதத்தில் எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்குப் போயிருந்தால், மீன் பிடிக்கிறவர்கள் வீட்டிலேயே அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வரைக்கும் கவிச்சி கிடையாது என்பது தெரிந்திருக்கும். கவிச்சி என்றால் எங்கள் பக்கம் கறி, மீன், கருவாடு எல்லாமும்தான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழாமல் கூழ்ப்பானையை ஈரத்துணியால் மூடி வைத்திருப்பார்கள். கூடவே முருங்கைக்கீரையும் காராமணிக் குழம்பும். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர்கள் நிறுத்திச் சாப்பிடும் கொட்டகையில் பச்சைப்பயறு கடைசல். வண்ணாரப்பேட்டையில் மசாலா மணக்கும் பிரிஞ்சிச் சாதம். நான் குடியிருக்கிற எம்.கே.பி. நகரில் சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கிற மசால்வடை. மீன் வாசனை அடிக்கிற தெருவில் கீரை வேகாதா என்ன?

இதையெல்லாம் பேசிப் பதிவு செய்து கலாவுக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள். "அத்த வுடுக்கா. நீ நம்ம தால்சா கதைய எழுது. புதுசா வந்துகீற பொண்ணுங்களுக்கு ஒண்ணும் தெரியல. போர்டுல கூட்டுன்னு போட்டுகீது, நீங்க இன்னாத்துக்கு தால்சான்றீங்கன்னு கேக்குறாளுங்க."

எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. அது இத்தனை வருஷமாக ஆறவில்லை.

கேன்டீனில் நான் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன். பிறகு காய் நறுக்கினேன். பிறகு சாதம் வடித்தேன். நூற்றுக்கணக்கான பேருக்குச் சாதம் வடிக்கத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பதினோரு வருஷம் கழித்து என்னைச் சைவ அடுப்புக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் சமையலறையில் நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் கவிச்சி அடுப்பு, இந்தப் பக்கம் சைவ அடுப்பு. எங்கள் கரண்டிகளின் பிடியில் பச்சை பெயிண்ட், அவர்களுடையதில் சிவப்பு. அரிவாள்மணை வேறு, பலகை வேறு, பாத்திரம் தேய்க்கிற நார்கூட வேறு. மீன் போடுகிற நாளில் அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் ஒரு உப்பு ஜாடி எடுக்க வந்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேலங்கியை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இந்த ஒழுங்கை எல்லாம் கொண்டுவந்தவர் கேன்டீன் மேற்பார்வையாளர் ரங்கநாதன் சார். அவர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். நான் அவரைத் திட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவருக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவரைப் போல வேலை தெரிந்த மேலதிகாரியை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

காலையில் வந்ததும் பச்சைக் கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் திட்ட மாட்டார். அந்தக் கரண்டியைத் தனியாக மேடை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்களே அதைக் கொதிநீரில் போட வேண்டும். பதினொரு மணிக்கு ருசி பார்க்க வருவார். கரண்டி அவர் கையில் படக் கூடாது. நான் உயரத்திலிருந்து இரண்டு சொட்டு அவர் உள்ளங்கையில் விட வேண்டும். நக்கிப் பார்த்துவிட்டு உத்தரத்தைப் பார்த்தபடி நிற்பார். பத்து எண்ணுகிற நேரம். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை. "உப்பு" என்றால் உப்பு குறைவு. "புளி" என்றால் புளி அதிகம். "சரி" என்றால் பரிமாறலாம். உடனே ருசிப் பதிவேட்டில் பண்டத்தின் பெயர், நேரம், கையெழுத்து. அந்த "சரி"க்காக நான் எத்தனை நாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதோடு முடியாது. ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு குத்து எடுத்துச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடி, காகிதம் ஒட்டி, சமைத்தவர் கையெழுத்தோடு குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கு மாதிரி டப்பா என்று பெயர். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அந்த டப்பாதான் சாட்சி. மறுநாள் காலையில் கொட்டிவிடுவோம்.

இனி தால்சா. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற பருப்புக் குழம்பு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கவிச்சி அடுப்பைப் பார்த்த நூர்ஜஹான் அக்கா. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். வியாழக்கிழமைகளில் எங்கள் வரிசை நீளமாகிவிடும். கவிச்சி சாப்பிடுகிறவர்களிலும் பாதிப் பேர் அன்றைக்குச் சாமிக்காக அதைத் தொட மாட்டார்கள். அவர்களுக்கு நான் பிரிஞ்சி போடுவேன். தொட்டுக்கொள்ள என்ன செய்தாலும் எடுபடவில்லை. ஒரு நாள் நூர்ஜஹான் அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னார்: "தால்சா போடேன் சரோ."

"அதுல எலும்பு போடணுமேக்கா."

"எங்க வூட்டுக் கல்யாணத்துல ரெண்டு தேக்ஸா தால்சா வேகும். ஒண்ணு எலும்பு போட்டது. இன்னொண்ணு எலும்பு போடாதது, பக்கத்து வூட்டுக்காரங்களுக்கு, மாலை போட்டுகீறவங்களுக்கு. அந்த தேக்ஸாவ நாங்க எங்க வூட்டுலேந்து எடுக்க மாட்டோம். கவிச்சியே ஆக்காத வூட்டுலேந்து எரவல் வாங்கினு வருவோம். கறி வந்து எறங்குறதுக்கு முன்னாடியே அத்த ஆக்கி முடிச்சு, மூடி, எதிர்வூட்டுல கொண்டுபோய் வெச்சுடணும். அப்பாலதான் கறியே உள்ள வரும்."

தேக்ஸா என்றால் பெரிய வாய் அகன்ற பாத்திரம். அதை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் மனம் கோணாமல் சோறு போட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களின் பண்டம் இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. துவரம்பருப்பும் கொஞ்சம் கடலைப்பருப்பும் மஞ்சள் போட்டு வேக வைத்து மசிக்க வேண்டும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் பொரிந்ததும் வெங்காயம் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு, தக்காளி, புதினா, மல்லி. அப்புறம் கத்திரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறிப் போட வேண்டும். வாழைக்காய், சுரைக்காய். கத்திரிக்காய் முக்கால் வெந்ததும் பருப்பை ஊற்றிக் கடைசியில் மாங்காய்த் துண்டு. மாங்காய் இல்லாத மாதத்தில் புளி. மாங்காயை முதலில் போட்டால் கத்திரிக்காய் வேகாமல் நறுக்நறுக்கென்று நிற்கும். முதல் தடவை அந்தத் தப்பைத்தான் செய்தேன். ரங்கநாதன் சார் உத்தரத்தைப் பார்த்துவிட்டு "கத்திரி" என்றார்.

இரண்டாவது வாரம் அவர் "சரி" என்றார். மூன்றாவது வாரம் "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை மறுபடியும் நீட்டினார். அவர் வாயிலிருந்து பாராட்டு வராது. அந்த இரண்டாவது நீட்டல்தான் பாராட்டு. அதற்கப்புறம் வியாழக்கிழமை ஆனால், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாத டப்பாவைத் திறக்காமல், வரிசையில் எல்லாரும் வாங்கி முடித்தபின் கடைசி ஆளாக எவர்சில்வர் தட்டோடு வந்து நிற்பார். நாலு வருஷம். ஒரு வியாழன் விடவில்லை.

அந்த நாலாவது வருஷத்தில்தான் வெளிமாநிலத்திலிருந்து பெரிய வாடிக்கையாளர்கள் மூன்று பேர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் சைவம். மதியச் சாப்பாடு தெற்கே ஏதோ பெரிய ஓட்டலிலிருந்து வருவதாக ஏற்பாடு. மழையில் வண்டி எங்கேயோ மாட்டிக்கொண்டது. பர்சனல் அதிகாரி ஓடி வந்தார். அவர் தெற்கிலிருந்து காரில் வந்து போகிறவர், கேன்டீனுக்குள் அதற்குமுன் அவரை நான் பார்த்ததில்லை. "இங்க என்ன இருக்கோ அதைக் கொடுங்க, வேற வழியில்லை" என்றார். வேற வழியில்லை என்று சொன்னதையும் நான் மறக்கவில்லை. அன்றைக்கு வியாழக்கிழமை.

பிரிஞ்சியும் தால்சாவும் போட்டேன். அவர்களில் வயதில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், முதல் வாய் வைத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சோற்றை விட்டுவிட்டுத் தால்சாவை மட்டும் கிண்ணத்தில் கேட்டு வாங்கினார். மூன்று தடவை. எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோனது. மூன்றாவது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏதோ கேட்டார். பர்சனல் அதிகாரி மொழிபெயர்த்தார்: "இதுக்கு என்ன பேருன்னு கேக்கறார்."

நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன்: "கத்திரிக்கா தால்சா சார்."

அதிகாரியின் முகம் செத்துப்போயிற்று. "தால்சாவா? பிரியாணிக் கடையில எலும்பு போட்டுக் குடுப்பாங்களே, அதுவா?"

என்னிடம் தமிழில் கேட்டிருந்தால் பரவாயில்லை. நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் பதறிப்போய் இங்கிலீஷில் கேட்டார், விருந்தாளிகளின் முன்னாலேயே. எலும்பு என்பது அந்தப் பெரியவருக்குப் புரிந்துவிட்டது. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து கை கழுவுமிடத்துக்குப் போனவர் திரும்பி வர நேரமாயிற்று. வாய் கொப்பளிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நான் "எலும்பு இல்ல சார், எலும்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யார் காதிலும் ஏறவில்லை.

ஒரு சொல்லைப் பாதி தெரிந்துவைத்திருந்த ஒரு ஆளால் என் அடுப்பு அன்று மதியமே அணைந்தது. விசாரணை முடியும் வரை நான் பாத்திரம் கழுவ வேண்டும் என்று உத்தரவு. கலப்படம் என்று முடிவானால் வேலை போய்விடும். என் பெரிய மகள் அப்போது நர்சிங் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் என் ஒருத்தி சம்பளம்தான். பதினைந்து வருஷம் முன்னால் சேர்ந்த அதே தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். நூர்ஜஹான் அக்கா பக்கத்தில் வந்து அழுதார். "சாம்பாருன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி சரோ" என்றார்.

"நா இன்னாத்துக்குக்கா சாம்பாருன்னு சொல்லணும்? அது சாம்பாரா?"

மறுநாள் காலையில் மாதிரி டப்பாவைக் கொட்டவிடாமல் நானே குளிர்ப்பெட்டி முன்னால் நின்றேன். ரங்கநாதன் சார் வந்தார். டப்பாவின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, உறைபெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது. இவர் ஒருத்தர் போதும், நாலு வருஷம் சாப்பிட்டவர், சுத்த சைவம், இவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள்.

திங்கட்கிழமை விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் பர்சனல் அதிகாரியும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும். இந்தப் பக்கம் நான், நூர்ஜஹான் அக்கா, ரங்கநாதன் சார். சமையல் முறையைக் கேட்பார்கள், கரண்டியைக் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "உங்க வீடு எங்க?"

"எம்.கே.பி. நகர் மேடம்."

எழுதிக்கொண்டார். எழுதும்போது பர்சனல் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் குடியிருப்பில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"வீட்டுல நீங்க சைவமா?"

"இல்ல மேடம்."

"என்ன சாப்பிடுவீங்க?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எல்லாந்தான் துன்னுவேன். மீனு துன்னுவேன், மாட்டுக்கறி துன்னுவேன். அது எங்க வூட்டு அடுப்பு மேடம். இங்க கீறது பச்சக் கரண்டி அடுப்பு. அதுல ஒரு நாளு ஒரு கருவேப்பில தப்பா வுழுந்துதான்னு கேளுங்க, சொல்றேன். நா இன்னா துன்றேன்னு எதுக்குக் கேக்குறீங்க?"

நூர்ஜஹான் அக்கா கல்யாண வீட்டில் இரவல் தேக்ஸா வாங்குகிற வழக்கத்தைச் சொன்னார். நிதானமாக, அழகாகச் சொன்னார். அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து எழுதவில்லை.

கடைசியில் ரங்கநாதன் சாரிடம் கேட்டார்கள். ருசிப் பதிவேடு மேசை மேல் திறந்திருந்தது. வியாழன்தோறும் தால்சா என்று என் எழுத்தில், பக்கத்தில் அவருடைய கையெழுத்து.

"நீங்க இதை ருசி பார்த்திருக்கீங்களா மிஸ்டர் ரங்கநாதன்?"

அவர் உத்தரத்தைப் பார்த்தார். பத்து எண்ணுகிற நேரம். நானும் கூடவே எண்ணினேன்.

"நான் நிறமும் வாசனையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். கேன்டீன்ல சாப்பிடற வழக்கம் இல்ல. வீட்டுலேர்ந்து தயிர்சாதம் கொண்டுவந்துடுவேன்."

நூர்ஜஹான் அக்கா "யா அல்லா" என்றார். நாலு வருஷம் உள்ளங்கையை நீட்டிய மனுஷன். வரிசையில் கடைசியாக நின்று தட்டை நீட்டிய மனுஷன். ஏன் அப்படிச் சொன்னார் என்று பின்னால் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் பயந்தாரா, சொந்தக்காரர்களுக்குப் பயந்தாரா, தால்சா என்கிற பெயர் பதிவேட்டில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதற்கே பயந்தாரா, தெரியாது. எலும்பு இல்லை என்று எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். கரண்டியை மோந்தவர் அவர். அதுதான் எனக்கு வயிறெரிகிறது. தெரியாமல் சொன்னவரை மன்னிக்கலாம்.

ஒன்றே ஒன்று செய்தார். உறைபெட்டிச் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, "டப்பாவை டெஸ்டுக்கு அனுப்புங்க" என்றார். அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் தொட்டிதான் கழுவினேன். என் அடுப்பில் வெளியிலிருந்து ஒரு சமையற்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவர் போட்ட சாம்பாரை நம் ஆட்கள் பாதிக்கு மேல் அப்படியே கொண்டுவந்து என் தொட்டியில் கொட்டினார்கள். அது ஒன்றுதான் எனக்கு அப்போது ஆறுதல்.

சோதனைக்கூடத்துக் காகிதம் வந்தது. இறைச்சி இல்லை, எலும்பு இல்லை, எதுவும் இல்லை. என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் நீங்களும் என்னைப் போல முட்டாள். பர்சனல் அதிகாரி ஒரு தாளை நீட்டினார். நாளையிலிருந்து நான் பழைய அடுப்புக்குப் போகலாம். ஆனால் பண்டத்தின் பெயர் இனிமேல் கத்திரிக்காய்க் கூட்டு. கீழே இன்னொரு வரி: தவறான பெயரால் குழப்பம் ஏற்படுத்தியதற்கு வருந்துகிறேன். அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பேருல இன்னா சார் தப்பு?"

"அதான் பிரச்சினை முடிஞ்சுதேம்மா. ஒரு கையெழுத்துதானே. அந்தப் பெரியவருக்கு நாங்க என்ன பதில் எழுதறது?"

"எலும்பு இல்லன்னு எழுதுங்க. காயிதம் உங்க கையிலதான கீது."

அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார். சமையற்காரர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அந்தப் பெரியவருக்கு ஏற்கெனவே கடிதம் போய்விட்டதாக டைப் அடித்த பெண் எனக்குப் பிறகு சொன்னாள். அந்த மனிதர் ரசித்துக் குடித்தது வெறும் கத்திரிக்காய்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. இன்றைக்கு உயிரோடு இருந்தால், தன் வாழ்நாளில் ஒரு தடவை மெட்ராஸில் எலும்புச்சாறு குடிக்க வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். இது எவ்வளவு பெரிய பாவம்.

பேனாவை வாங்கினேன். வருந்துகிறேன் என்கிற வரியை அடித்தேன். அதன் கீழே என் கையால் எழுதினேன்: நான் போட்டது தால்சா. அதில் எலும்பு போடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும் என்றுதான் வந்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் அந்தச் சோதனைக்கூடத்துக் காகிதத்தை யூனியன்காரர்கள் கேட்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை கரும்பலகையில் எழுத்தர் கத்திரிக்காய்க் கூட்டு என்று எழுதிவைத்தார். பலகை அவர்களுடையது, எழுதிக்கொள்ளட்டும். கரண்டி என்னுடையது. வரிசையில் முதல் ஆள் தட்டை நீட்டினார்.

"இன்னா வோணும் நைனா?"

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, "தால்சா போடுக்கா" என்றார். போட்டேன். அடுத்தவர், "தால்சா." அதற்கடுத்தவர், "தால்சா, ரெண்டு கரண்டி." வரிசை முழுக்க அதே வார்த்தைதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லாரும் வாங்கி முடித்தபின் கடைசி ஆளாக ரங்கநாதன் சார் தட்டோடு வந்தார். காலையில் ருசி பார்க்க வந்தபோது உள்ளங்கையை நீட்டி, என் முகத்தையே பார்க்காமல் "சரி" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். நிறமும் வாசனையும் மட்டும் பார்க்கிறவருக்கு உள்ளங்கை எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"இன்னா வோணும் சார்?"

"கூட்டு."

"கூட்டு இல்ல சார் இன்னைக்கு. தயிர்சாதம் கீது."

தயிர்சாதம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வியாழனும் கூட்டு என்றார், அடுத்த வியாழனும் தயிர்சாதம். நூர்ஜஹான் அக்காவே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "போட்டுட்டுப் போயேன் சரோ, வயசான மனுஷன்" என்றார். நான் போடவில்லை. பிடிவாதக்காரி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஏழாவது வியாழக்கிழமை. கலா அப்போதுதான் காய் நறுக்கச் சேர்ந்திருந்தாள், அவளுக்கும் இது ஞாபகம் இருக்கும். சார் வந்து நின்றார். தட்டைப் பார்த்தபடி என்னவோ முணுமுணுத்தார்.

"காதுல வுழல சார். காத்தாடி சத்தம்."

"தால்சா" என்றார். இந்த முறை உரக்கவே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு கரண்டி போட்டேன். கத்திரிக்காய் உடையாமல் பார்த்துத்தான் போட்டேன். போட்டுவிட்டுக் கேட்டேன்: "இந்த வார்த்தைய அன்னைக்கு அந்த ரூம்ல சொல்லியிருந்தா இன்னா சார்?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த தன் மேசைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் தட்டு கழுவ வந்தபோது பார்த்தேன். வழித்துச் சாப்பிட்டிருந்தார்.